நிறுவியதும் ஓடட்டுமா, காத்திருக்கட்டுமா?

பின்னணியில் ஓடும் ஒரே சர்வீஸை, அதாவது டீமனை, டெபியன், ஃபெடோரா என்ற இரண்டு லினக்ஸ் விநியோகங்களுக்கும் பேக்கேஜ் செய்தால், அதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் யூனிட் ஃபைலை அநேகமாக மாற்றவே வேண்டியிருக்காது. யூனிட் ஃபைலைப் படித்து சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டிக்கு ஃபெடோரா 2011-லேயே வந்துவிட்டது. டெபியன் 2015-ல் வெளியான எட்டாம் பதிப்பில் வந்தது. இரண்டும் பிரிவது, நிறுவி முடிக்கும் அந்த நொடியில்.

டெபியனில் நிறுவும் கட்டளை முடிந்து ப்ராம்ப்ட் திரும்பி வரும்போது சர்வீஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். பேக்கேஜ் செய்ய உதவும் டெப்ஹெல்ப்பர் கருவி, நிறுவியதும் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டை எழுதித் தருகிறது. அது சர்வீஸை இனேபிள் செய்து (பூட்டில் தானாக ஓடும்படி வைத்து) ஸ்டார்ட்டும் செய்துவிடுகிறது. ஃபெடோராவில் பேக்கேஜின் செய்முறையான ஸ்பெக் ஃபைலில் உள்ள மேக்ரோ (ஆயத்தக் கட்டளை), எதை இனேபிள் செய்யலாம் என்று சொல்லும் ப்ரீசெட் பட்டியலைப் பார்க்கும். அதில் பெயர் இல்லாவிட்டால் சர்வீஸ் சும்மா கிடக்கும். பெயர் இருந்தாலும் இனேபிள் மட்டும்தான் ஆகும். அடுத்த பூட்டில்தான் ஓடும்.

நெட்வொர்க்கில் காது வைத்திருக்கும் டீமன் என்றால் எனக்கு ஃபெடோரா வழிதான் பிடிக்கும். மூல கான்ஃபிக்கில் 0.0.0.0 (எல்லா நெட்வொர்க் முகவரியிலும் கேள்) என்று இருந்தால், நாம் எடிட்டரைத் திறப்பதற்குள் போர்ட் வெளியுலகுக்குத் திறந்துவிடுகிறதே! டெபியனில் இதைத் தடுக்க முடியாமல் இல்லை. பேக்கேஜ் செய்பவர் டெப்ஹெல்ப்பருக்கு நோ-ஸ்டார்ட், நோ-இனேபிள் கொடுக்கலாம். சர்வர் நிர்வாகி பாலிசி-ஆர்சி.டி ஸ்கிரிப்டை வைத்து, அது 101-ஐ, அதாவது ‘அனுமதி இல்லை’ என்ற எண்ணைத் திருப்பும்படி செய்யலாம். ஆனால் இது தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பாதுகாப்பு.

கான்ஃபிக் ஃபைல் விஷயத்தில் என் ஓட்டு டெபியனுக்கு. நீங்களும் மாற்றி, புதிய பதிப்பும் மாற்றியிருந்தால், டெபியனின் நிறுவும் கருவியான டிபிகேஜி நின்று கேட்கும்: உங்களுடையதா, புதியதா, வித்தியாசத்தைக் காட்டவா? ஃபெடோராவில், ‘இதை மாற்றி எழுதாதே’ என்று சொல்லும் நோரீப்ளேஸை ஸ்பெக் ஃபைலில் போட்டிருந்தால் பழையது அப்படியே இருக்க, புதியது .ஆர்பிஎம்நியூ என்று பக்கத்தில் வந்து உட்காரும். அதை யாரும் பார்க்காமல் மாதக்கணக்கில் கிடப்பதும் உண்டு. நோரீப்ளேஸ் போட மறந்தாலோ இன்னும் மோசம்: நிர்வாகியின் ஃபைல் .ஆர்பிஎம்சேவ் ஆகி ஒதுங்க, புதியது அதன் இடத்தைப் பிடித்துவிடலாம்.

டீமன் எந்தப் பெயரில் ஓட வேண்டுமோ அந்த சிஸ்டம் யூசரை உருவாக்குவதில் இப்போது பெரிய வேறுபாடில்லை. சிஸ்டம்டியின் சிஸ்யூசர்ஸ் ஃபைலில் ஒரு வரி, இரண்டிலும் வேலை செய்யும். அப்கிரேடில் ரீஸ்டார்ட்டும் அப்படித்தான். ஃபெடோராவில் அதற்கென உள்ள மேக்ரோவை மறக்காமல் போட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இரண்டுக்கும் பேக்கேஜ் செய்ய வேண்டும் என்றால்? சர்வீஸ் உடனே ஓடிவிடும் டெபியன் பக்கம்தான் நான் முதலில் தொடங்குவேன். அங்கே போடும் முதல் பேட்ச் (திருத்தம்), கான்ஃபிக்கில் 0.0.0.0-ஐ 127.0.0.1 (அந்தக் கணினிக்குள் மட்டும்) ஆக்குவது. அதே பேட்ச் ஃபெடோரா ஸ்பெக்குக்கும் அப்படியே போகும்.