ஒரு டிஸ்க்கா, இரண்டா? ஒரே கேசிங்குக்குள் விண்டோஸும் உபுண்டுவும்

உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் அக்காவின் மகனுக்கு, தன் பழைய டெஸ்க்டொப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் வேண்டுமாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, 11ஐ அந்த மெஷின் ஏற்காது. ஆனால் விளையாட்டுக்காக விண்டோஸும் இருக்க வேண்டும். “மாமா, இருக்கிற டிஸ்க்கையே பிரிச்சுப் போடலாம்தானே? இன்னொன்று ஏன்?” என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். பிரித்துப் போட்டால் காசு மிச்சம். டிஸ்க் போட ஒரே இடம் உள்ள லப்டொப் என்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் விண்டோஸின் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் அது பிடித்திருக்கும் பகுதியை, சுருக்கித்தான் லினக்ஸுக்கு இடம் எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் இருக்கிறதும் போய்விடலாம். திருகோணமலையில் மார்கழி மழைக்குள் யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் நான் கை வைக்க மாட்டேன். டிஸ்க் செத்தாலோ, இரண்டும் ஒன்றாகவே போகும்.

சரி, இரண்டு டிஸ்க். அதிலும் இரண்டு விதம் உண்டு, பலர் வழுக்குவது இங்கேதான்.

இரண்டையும் செருகியபடியே லினக்ஸை நிறுவுவது சுலபம். ஆனால் யூஈஎஃப்ஐ (மெஷினை எழுப்பும் புதுவகை மென்பொருள்) உள்ள மெஷினில், இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் பூட் கோப்புகள் ஈஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷனில் இருக்கும். விண்டோஸ் வழக்கமாக அதற்கு 100 எம்பி ஒதுக்கும். லினக்ஸை நிறுவும் மென்பொருள் அதைக் கண்டால், தன் கோப்பையும் அங்கேயே போட்டுவிடக் கூடும். எனக்கு அதுதான் நடந்தது. சில மாதம் கழித்து விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டேன். லினக்ஸ் டிஸ்க் ஒரு குறையுமில்லாமல் உள்ளே இருக்கிறது, திரையோ கறுப்பு. வீடு இங்கே, திறப்பு அங்கே.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, கேசிங்கின் பக்கத் தகட்டைத் திறந்து, விண்டோஸ் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுவேன். முனையில் உள்ள இரும்பு நாக்கை அமுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும், சும்மா இழுத்தால் உடையும். கடற்காற்றுப் படும் வீடு என்றால் கையோடு முனையையும் பாருங்கள். கடலோர ஊரான உப்புவெளியில் கேசிங்கின் திருகாணிகள் மெஷினுக்கு முன்பே கிழடாகிவிடும். எது எதுவென்று குழம்பாமலிருக்க, மருமகன் தன் புது 240 ஜிபி எஸ்எஸ்டியின் மேல் மார்க்கரால் ‘உ’ என்று எழுதினான். அம்மம்மா அதைப் பிள்ளையார் சுழி என்று நினைத்துச் சந்தனப் பொட்டு வைக்க வந்துவிட்டார்.

தனியே இருக்கும் டிஸ்க்கில் நிறுவினால் பூட் கோப்பு வேறெங்கும் போக வழியில்லை. முடிந்ததும் மற்றதைச் செருகிவிடலாம். அப்புறம் எது வேண்டுமோ அதை, மெஷின் எழும்பும்போது எஃப்12ஐ அமுக்கித் தெரிவு செய்யலாம். சில மதர்போர்டில் அது எஃப்11 அல்லது எஃப்8.

ஒவ்வொரு முறையும் அமுக்குவது அலுப்பு என்றான் மருமகன். அதற்கும் வழி உண்டு. பயோஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) லினக்ஸ் டிஸ்க்கை முதலாவதாக வைத்து, எந்த இயங்குதளம் என்று கேட்கும் லினக்ஸின் க்ரப் மெனுவில் விண்டோஸையும் சேர்க்கலாம். க்ரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கும், அதை மட்டும் எழுப்பிவிட வேண்டும். பிறகு லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றினாலும் விண்டோஸ் தன்பாட்டில் எழும்பும்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அது முழுதாக அணைவதில்லை, லினக்ஸால் அந்த டிஸ்க்கில் எழுத முடியாமல் போகலாம்.

மறுநாள் காலை 8 மணிக்கு அழைப்பு வந்தது. “மாமா, விண்டோஸில நேரம் 2.30 எண்டு காட்டுது!” லினக்ஸ் மதர்போர்டின் கடிகாரத்தில் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக வாசிக்கும். நமக்கு இடைவெளி ஐந்தரை மணித்தியாலம். லினக்ஸையும் உள்ளூர் நேரத்திலேயே கடிகாரத்தை வைக்கும்படி மாற்றச் சொன்னேன், டெர்மினலில் ஒரே ஒரு வரிதான்.