புகையில் வெந்ததா, தணலில் சுட்டதா? பார்பிக்யூ திருவிழாவில் இருவர் வயிற்றுக் கணக்கு

பார்பிக்யூ திருவிழாவுக்கு ஜோடியாகப் போனால் முதலில் தீர்க்க வேண்டிய வழக்கு ஒன்றுதான். பல மணி நேரம் புகையிலேயே வெந்த பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி), ரிப்ஸ் (விலா எலும்புக் கறி), புல்டு போர்க் (பிய்த்த பன்றிக்கறி) பக்கம் போவதா, தணல் மேல் அப்போதைக்கப்போது சுட்டுத் தரும் கோழி, கபாப், ஸ்டேக் பக்கம் போவதா? எத்தனை பேர் பங்கிட்டுத் தின்றாலும் எல்லாக் கடையையும் வயிறு தாங்காது. என் வீட்டுக்காரர் தணல் கட்சி. நான் புகைக் கட்சி. போய்ச் சுற்றித் தின்றுவிட்டு வந்த பிறகு என் கட்சி இன்னும் பலமாகிவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ருசி, மணம் பற்றி நீட்டவில்லை. சுட்ட கறிக்கு மேல்தோலின் முறுகல், புகைக் கறிக்கு உள்ளே இறங்கிய மணம். இது தின்னாதவர்களுக்கும் தெரியும். வீட்டில் செய்யக்கூடியது எது என்று பார்த்தால்கூட விடை கிடைத்துவிடும். தணலில் சுடுவது வீட்டு அடுப்பிலேயே ஓரளவு வரும். பிரிஸ்கெட்டுக்காக யார் ராத்திரி முழுக்கக் கண்விழிப்பது?

ஆனால் என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது வேறு: காத்திருப்பைத் தாங்குவது எது? திருவிழாவில் எதையும் வாங்கிய இடத்திலேயே தின்ன முடியாது. இருவரும் வேறுவேறு வரிசையில் நிற்போம். ஒருவர் கைக்குத் தட்டு வந்துவிடும், மற்றவர் இன்னும் பாதி வரிசையில் இருப்பார். அப்புறம் உட்கார இடம் தேடும் படலம். சுட்ட கோழிக்கு இந்த இடைவெளி எமன். மூடிபோட்ட அட்டைப் பெட்டியில் அதன் ஆவி அதன் தோலையே நனைத்துவிடும்; மொறுமொறுப்பு போய், ஈரத் தோல் பல்லில் இழுக்கும். அவர் ஆசையாக வாங்கிய விங்ஸுக்கு அன்று நேர்ந்த கதி அதுதான்.

புகைக் கறி காத்திருப்பதற்கென்றே சமைக்கப்படுவது. பிரிஸ்கெட் மாட்டின் நெஞ்சுப் பகுதி. உடல் பாரத்தைச் சுமக்கும் தசை என்பதால் கறியை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் அதிகம், அவசரமாக வேகவைத்தால் ரப்பர்தான். 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கிடந்து, உள்சூடு 90-ஐத் தாண்டும்போதுதான் அந்தக் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து கறி இளகும். நடுவில் 65, 70 டிகிரியை ஒட்டிச் சூடு ஏறாமல் மணிக்கணக்கில் நின்றுவிடும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். எப்போது வேகும் என்று அடித்துச் சொல்ல முடியாததால், கடைக்காரர்கள் முன்கூட்டியே முடித்து, தாளில் சுற்றி, சூடு ஆறாமல் வைத்திருப்பார்கள். அந்த ஓய்வில் கறி கெடுவதில்லை, மேலும் பதமாகிறது.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. முழுத்துண்டாக இருக்கும் வரைதான் இந்தப் பொறுமை. துண்டு போட்டுத் தட்டில் அடுக்கிவிட்டால் சில நிமிடங்களிலேயே காய்ந்துபோகும். ஆறினால் மாட்டுக் கொழுப்பு மெழுகுபோல் உறைந்து வாயில் ஒட்டும். ஆகவே கண்ணெதிரே வெட்டித் தரும் கடையில் மட்டும் பிரிஸ்கெட் வாங்குங்கள். ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தால் அங்கே புல்டு போர்க் கேளுங்கள். பிய்த்துச் சாறிலேயே பிரட்டி வைத்த கறி என்பதால் நடை, வரிசை எல்லாவற்றையும் தாங்கும். எங்களுக்கு ஒரு தட்டை இருவராகப் பங்கிட மிகத் தோதாக இருந்ததும் அதுதான்.

ரிப்ஸில் எலும்பிலிருந்து கறி தானாக உதிர்ந்தால்தான் பக்குவம் என்று நம்புகிறவர்கள் ஏராளம், என் வீட்டுக்காரர் உட்பட. அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி நடத்தும் போட்டிகளில் அது அதிகம் வெந்ததற்கு அடையாளம். கடித்த இடம் மட்டும் சுத்தமாக வர வேண்டும், மற்றது எலும்பிலேயே நிற்க வேண்டும். அதேபோல வெட்டுமுகத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தைப் பார்த்தும் மயங்க வேண்டாம். புகையிலுள்ள வாயுக்கள் கறிக்குச் சிவப்பு தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது, ருசிக்கு அதனால் ஒன்றும் கூடுவதில்லை.

தணல் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. கல்லா பக்கத்திலேயே நின்று, விரல் சுடச்சுடத் தின்ன முடிந்தால் அந்தக் கோழிக்கு ஈடாகப் புகைக்கோழி நிற்காது. குறைந்த சூட்டில் வேகும் கோழித்தோல் பெரும்பாலும் தோல்வார்தான். மீனும் காய்கறியும் சுடும் கடைகளில் நாங்கள் ஒரு வாய்க்கு மேல் தின்னவில்லை, ஆகவே அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாயில்லை.

சாயங்காலம் தாமதமாகப் போகிறவர்களுக்கு என் கணக்கு உதவாது. பிரிஸ்கெட் தீர்ந்தால் தீர்ந்ததுதான், அன்றைக்கு இன்னொன்று வேகாது. கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் வெட்டிக் காய்ந்த ஓரங்கள். அந்நேரத்தில் தணல் கடைக்கே போங்கள். இருவரும் ஒரே வரிசையில் நில்லுங்கள்.