சர்வரில் படிவச் சோதனை: இஃப் வரிகளா, ஸோட்டா?

உலாவியில் வைக்கும் சோதனையை உலாவி இல்லாமலே கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளை ஒன்றால் தாண்டிவிடலாம். நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) சர்வரிலும் சோதிக்கத்தான் வேண்டும். அதை நாமே இஃப் வரிகளாக எழுதலாம், அல்லது ஸோட் என்ற தரவுச் சோதனை லைப்ரரியிடம் விடலாம்.

தொடக்கம்: இஃப் வரிகளுக்கு எதையும் நிறுவ வேண்டாம். ஸோட்டுக்கு ஒரு பேக்கேஜ், கொஞ்சம் பழக்கம்.

வேண்டாத புலங்கள்: வந்ததை அப்படியே சேமிக்கும் கோடில், யாரோ ஒட்டி அனுப்பிய ‘ரோல்=அட்மின்’ டேட்டாபேஸ் வரை போய்விடும். ஸோட் ஸ்கீமா (எந்தெந்தப் புலம் எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறை), தெரியாத புலங்களைத் தானே உதிர்த்துவிடும். எனக்கு இதுவே பெரிய காரணம்.

அஞ்சல் குறியீடு: இரண்டிலும் சறுக்கலாம். சிங்கப்பூர் மரினா பே சாண்ட்ஸின் 018956-ஐ எண்ணாக மாற்றினால் 18956 ஆகிவிடும். ஸ்டிரிங்காகவே வைத்து ஆறு இலக்கமா என்று பாருங்கள்.

பெயர்: ‘எழுத்து மட்டும்’ என்ற விதி, ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்) உள்ள நம்மவர் பெயரைத் திருப்பி அனுப்பிவிடும். எந்த லைப்ரரியும் இதைச் சொல்லித் தராது.

சிங்கப்பூர் அடையாள அட்டை எண் (வெளிநாட்டவர் எண்ணும்): ஏழு இலக்கங்களை 2, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், ‘டி’, ‘ஜி’ எனத் தொடங்கும் வரிசைக்கு 4 சேர்த்து, 11 ஆல் வகுத்த மீதிக்கு அந்த வரிசையின் அட்டவணையில் உள்ள எழுத்தைக் கடைசி எழுத்தோடு ஒப்பிடுங்கள். இந்த ஃபங்ஷனை எப்படியும் நீங்களே எழுத வேண்டும். ஸோட்டில் அதை, நம் சொந்தச் சோதனையைச் சேர்க்க உதவும் ‘ரிஃபைன்’ உள்ளே வைக்கலாம். 2022-இல் வந்த ‘எம்’ வரிசையையும் சேருங்கள், பழைய கோடு அதைத் தள்ளிவிடும்.

நான்கு புலத் தொடர்புப் படிவத்துக்கு இஃப் போதும். பல பக்கப் பதிவுப் படிவம் என்றால் ஸோட்.