வேட்டையா, வீடா, வெள்ளை நிறமா?

வேளச்சேரியில் ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட். பால்கனிக் கம்பிக்கு நடுவே மூக்கை நுழைத்துக்கொண்டு பதினொரு மாதச் சிப்பிப்பாறை வேட்டை நாய் ஒன்று நிற்கிறது. கடுவன், நல்ல செவலை. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஓர் அணில். நாய் குரைக்கவில்லை, முனகவில்லை. முன்னங்கால் ஒன்றைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கியபடி நிற்கிறது. தொடைச் சதை மட்டும் துடிக்கிறது. நான் காபி குடித்து முடிக்கும்வரை அந்தக் கால் தரையில் படவில்லை. கிழிந்த சோபாவைப் படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்த தம்பி கேட்டார்: "அண்ணே, இதே நாய்ல கொஞ்சம் சாதுவான லைன் எங்கயாவது கிடைக்குமா?"

சாத்தூர்ப் பக்கம் அப்பா காலத்திலிருந்தே நாய் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "சாதுவா வேணும்னா ஆடு வாங்கிக் கட்டச் சொல்லுங்க தம்பி" என்று பேச்சை முடித்துவிட்டார்.

வேலைக்கென்று உருவான நாயை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றலாமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் இந்த இரண்டு குரல்தான் கேட்கும். இரண்டு கட்சிக்கும் வெளிநாட்டில் முன்மாதிரி உண்டு.

பெரியவர் கட்சிக்கு பார்டர் கோலி. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட மலைப்பகுதிகளில் ஆடு மேய்ப்பவர்களின் நாய். 1906-ல் தொடங்கிய அவர்களுடைய சர்வதேச ஆட்டுநாய்ச் சங்கம் அழகுக்கு மதிப்பெண் போடுவதில்லை. காது நிமிர்ந்தும் இருக்கலாம், மடிந்தும் இருக்கலாம். முடி நீளமோ குட்டையோ, கேள்வி இல்லை. போட்டியில் நாய் மேய்ப்பனை விட்டு வெகுதூரம் ஓடி, மந்தைக்குப் பின்னால் வளைந்து போய், கடிக்காமல் கண்ணாலேயே மிரட்டி நகர்த்தி வந்து பட்டியில் அடைக்க வேண்டும். எனக்குப் பிடித்த விதி ஒன்று அங்கே உண்டு: தாய் தகப்பன் தெரியாத நாயாக இருந்தாலும், வேலையைச் செய்து காட்டினால் தகுதியின் பேரில் பதிவேட்டில் இடம் கிடைக்கும். ஜாதகம் அப்புறம்தான். அதனால்தான் 1995-ல், இனம் பதிந்து கண்காட்சி நடத்தும் அமெரிக்கன் கென்னல் கிளப் இந்த இனத்தைத் தன் அங்கீகாரப் பட்டியலில் சேர்த்தபோது, வேலை நாய்க்காரர்கள் சந்தோஷப்படுவதற்குப் பதிலாகச் சண்டைக்குப் போனார்கள். கண்காட்சி வந்தால் மந்தை மறந்துபோகும் என்பது அவர்கள் பயம்.

இந்தப் பிடிவாதத்துக்கு விலை உண்டு. ஆடு இல்லாத வீட்டில் பார்டர் கோலி சைக்கிளை மேய்க்கும், குழந்தைகளின் குதிகாலை மேய்க்கும், கடைசியில் சுவரில் விழும் நிழலை மேய்க்கும். நாய் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? வாங்கினவர் எதை வாங்குகிறோம் என்று பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த இனத்தின் மூலத்தைத் தேடிப் போனால் பெரியவர் கட்சிக்கே இடிக்கிற செய்தி ஒன்று கிடைக்கிறது. இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதை, 1893-ல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த 'ஓல்டு ஹெம்ப்'. தகப்பன் ராய் இணக்கமான நாய், பார்வையில் அவ்வளவு வேகம் கிடையாது. தாய் மெக் நேர்மாறு: பார்வை அத்தனை வலுவானது, ஆட்டை முறைத்தபடி தானே உறைந்து நின்றுவிடும். டெல்ஃபர் இரண்டையும் சேர்த்தார். பிறந்த குட்டி சத்தமில்லாமல், பதற்றமில்லாமல் வேலை செய்தது. அதன் வழியில் இருநூறுக்கும் மேற்பட்ட குட்டிகள். ஆக, அந்த வேலை இனத்தின் ஆதி நாயே சுபாவம் பார்த்துச் சேர்த்ததுதான்.

ஜெர்மன் ஷெப்பர்டு நடுவழி. 1899-ல் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்பவர் இந்த இனத்துக்கெனத் தொடங்கிய சங்கம், குட்டி போடவிடும் முன் தேர்வு வைக்கிறது. சைக்கிளுக்குப் பக்கத்திலேயே 20 கிலோமீட்டர் ஓடிக் காட்டுவதும் அதில் ஒன்று. அப்படியும் இனம் இரண்டாகப் பிரிந்தது: போலீஸ்காரர் தேடும் நேர்முதுகு ஒன்று, கண்காட்சியில் பின்பக்கம் சரிந்து நிற்பது இன்னொன்று. தேர்வு சடங்காகிவிட்டால் வடிகட்டி ஓட்டையாகிவிடும்.

தம்பி கட்சிக்கு லாப்ரடார். மீனவர்களோடு குளிர்நீரில் கிடந்த நாய், பிரிட்டனில் சுட்ட பறவையைச் சேதமில்லாமல் கவ்வி வருவதாக மாறி, இப்போது உலகம் முழுக்க ஹாலில் படுத்திருக்கிறது. வேட்டைக்காரர் வைத்திருக்கும் ஒல்லியான லைன் தனியாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றும். இங்கேயும் ஒரு கணக்கு இடிக்கிறது. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், சாப்பிட்டபின் 'போதும்' என்று சொல்ல வேண்டிய மரபணு ஒன்று ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பழுதாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய நாய்களில் அது நான்கில் மூன்று. பிஸ்கட்டுக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாயைப் பொறுக்கப் போய், பசி அடங்காத நாயைப் பொறுக்கியிருக்கிறோம் போலிருக்கிறது. ஒரு குணத்தைப் பிடித்து இழுத்தால் கூடவே எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது.

சரி, நம் ஊருக்கு வருவோம். பார்டர் கோலிக்கு இன்றும் ஆடு இருக்கிறது. முயல் வேட்டைக்கென்று வளர்த்த சிப்பிப்பாறைக்கு இன்று முயல் கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த வேலை இப்போது குற்றம். சட்டம் சரியானதே. ஆனால் 'வேலை பார்த்துத்தான் இனம் சேர்க்க வேண்டும்' என்று பேசுகிறவர்கள் எந்த வேலையைப் பார்த்துச் சேர்க்கிறார்கள்? வெளியே சொல்ல முடியாத வேலையை, அல்லது ஒன்றையும் பார்க்காமல். ஒன்றையும் பார்க்காத இடத்தில் நிறம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ராஜபாளையம் நாய் அதற்குச் சாட்சி. பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு என்று தேடித் தேடிச் சேர்த்ததில் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. காரணம் எளிமையானது: தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களில் பட்டுப்போகும். டால்மேஷனிலும் இதே கதைதான்.

ஒரு பிரீடர் வீட்டில் பார்த்தேன். ஐந்து வாரக் குட்டிகள் ஆறு, சாக்கின் மேல் குவியலாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அந்த வீட்டு அம்மா அடுக்களையில் எவர்சில்வர் தட்டைத் தவறவிட்டார். ஐந்து குட்டிகள் வாரிச் சுருட்டி எழுந்தன. ஆறாவது அசையவில்லை, பக்கத்துக் குட்டி மிதித்தபோதுதான் கண் திறந்தது. இருப்பதிலேயே வெள்ளை அதுதான், விலையும் மற்றதைவிட ஐயாயிரம் கூட. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியைத் தட்டுச் சத்தம்கூடக் காட்டிக்கொடுக்காது. அதற்கு, சத்தம் கேட்டதும் எழும் மூளையலையைப் பதியும் 'BAER' என்ற சோதனை வேண்டும்.

வேலை, வீடு, நிறம் இந்த மூன்றையும் அருகருகே நிறுத்தினால் என் கட்சி இதுதான்: வேலை உயிரோடிருக்கும் இனத்தில் கை வைக்காதீர்கள். ஃபிளாட்டுக்காக பார்டர் கோலியைத் தணிக்க வேண்டாம். ஃபிளாட்டுக்கு வேறு நாய்கள் இருக்கின்றன. வேலை போய்விட்ட நம் நாட்டு வேட்டை நாய்களில் சுபாவம் பார்த்துச் சேர்ப்பது துரோகம் ஆகாது. நிறம் பார்த்துச் சேர்ப்பதைவிட ஆயிரம் மடங்கு நேர்மையானது. அதற்கு இடமும் இருக்கிறது: 2022-ல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வொன்று, நாய்க்கு நாய் காணும் குண வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான் என்றது. ஒரே இனத்துக்குள்ளேயே சாதுவும் உண்டு, முரடும் உண்டு. ஓட்டமும் போகக்கூடாது என்றால், பிளாஸ்டிக் பையைக் கயிற்றில் கட்டி மோட்டாரால் இழுத்துத் துரத்தவிடும் லூர் கோர்சிங் போதும். முயலும் சாகாது, கால் வேகமும் தெரியும்.

பெரியவரிடம் மறுபடி போனபோது வேறு மாதிரி கேட்டேன்: ஒரு ஈத்தில் எந்தக் குட்டியை விற்காமல் வைத்துக்கொள்வீர்கள்?

"ஓட்டம் எல்லாத்துக்கும் இருக்கும். பேரன் தட்டுல சோறு திங்கையில பக்கத்துல உக்காந்து பாக்கும், வாய் வைக்காது பாருங்க, அந்தக் குட்டி."

"அப்ப அதுவும் சாதுதானே ஐயா?"

"அது சாது இல்ல தம்பி, புத்தி" என்றார். வேளச்சேரித் தம்பிக்கு அந்த வீட்டு அடுத்த ஈத்தில் ஒரு பொட்டைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை, அந்தச் செவலைக்கு விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சுற்றுச்சுவர் வைத்த மைதானம், கயிறில்லாமல்.