12 வோல்ட் டயர் இன்ஃப்ளேட்டர்: டப்பா மேல் போட்டிருக்கும் 150-ஐ விட்டுவிட்டு எதைப் பார்க்க வேண்டும்

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிக் காற்றடிக்கும் சின்ன டயர் இன்ஃப்ளேட்டரைத் தாராளமாக வாங்கலாம். பஞ்சர் ஆகும் நாளுக்காக மட்டுமல்ல. காலையில் வண்டியை எடுக்கும் முன்பே வாசலில் வைத்துக் காற்றுப் பார்க்க முடிகிறதே, அதற்காக.

பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்தான். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடேறிவிடும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) என்று போட்டிருந்தால் அது ஆறின டயருக்கான அளவு. வண்டி 3 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயர் 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கி 33 ஆக்கினால், மறுநாள் காலை 29, 30தான் இருக்கும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். வெயில் நாளில் ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றிக்கொண்டு 100-ல் போகும்போது டயர் வெடிப்பது பெரும்பாலும் இந்தச் சூட்டினால்தான்.

டப்பா மேல் பெரிதாகப் போடும் '150 பி.எஸ்.ஐ.' கார்க்காரருக்குப் பயன்படாத எண். பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றுத் தள்ளுகிறது என்பதை. 185/65 ஆர்15 அளவு டயருக்குள் 25 லிட்டருக்குச் சற்று மேல் இடம் உண்டு. 28-லிருந்து 33-க்கு ஏற்ற 9 லிட்டர் போதும். அடியோடு இறங்கிய டயர் என்றால், காற்றை அமுக்கி அடைப்பதால், 60 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று போட்ட மெஷின், எதிர் அழுத்தம் ஏற ஏறக் குறைவாகவே தள்ளும். ஆகவே முதல் வேலை ஒரு நிமிடத்திலும் இரண்டாவது நாலைந்து நிமிடத்திலும் முடிந்தால் அது நல்ல மெஷின். தொடர்ந்து 10 நிமிடம் ஓட்டினால் சின்ன பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். இடையில் ஆறவிட வேண்டும்.

120 வாட் மெஷின் 10 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று வண்டிக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். 200 வாட்டுக்கு மேல் போனால் பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகைதான் சரி. வயர் பின் சக்கரம் வரை எட்டுகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடலாம், 3 மீட்டராவது வேண்டும்.

இந்த வகை மெஷின்கள் சறுக்கும் இடம் குழாயின் முனை. திருகி மாட்டும் பித்தளை முனை இறுக்கமாகப் பிடிக்கும். கழற்றும்போதோ 'புஸ்'ஸென்று கொஞ்சம் காற்றுப் போகும், விரலையும் சுடும். லீவரை மடக்கிப் பிடிக்கும் முனை சட்டென்று விடுபடும். அதன் ரப்பர் வளையம் தேய்ந்ததும் ஒழுகும். லீவர் வகையே மேல், வளையம் தனியாகக் கிடைத்தால்.

ஓடும்போது திரையில் தெரியும் எண், நின்ற பிறகு ஒரு பி.எஸ்.ஐ. வரை இறங்கும். அதனால் 33 வேண்டுமென்றால் 34 வைத்து, தானாக நின்றதும் மறுபடி படியுங்கள். அலகையும் கவனியுங்கள்: 2.3 பார் என்பதுதான் 33 பி.எஸ்.ஐ. முள் காட்டும் மாடல்களில் கோடுகள் நெருக்கம், ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. டிஜிட்டலே வாங்குங்கள்.

என்ஜினை ஓடவிட்டே காற்றடியுங்கள், மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு, அதை வைத்து அடிக்கக் கூடாது. ஸ்டெப்னியை மறக்காதீர்கள், ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியாக இருந்தால் அதற்கு 60 பி.எஸ்.ஐ. வேண்டியிருக்கும்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. இறங்குவது இயல்பு. ஒரே சக்கரம் மட்டும் வாராவாரம் இறங்கினால் வால்வு மூடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். நுரை கிளம்பினால் உள்ளே இருக்கும் வால்வு ஊசி போயிருக்கிறது. பஞ்சர் கடையில் நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். நுரை வராவிட்டால் ஆணி எங்கே என்று தேட வேண்டியதுதான்.