குத்துவதா, தைப்பதா? பொம்மை மிருகம் செய்யப் பழகுபவர்களுக்கு

பொம்மை மிருகம் செய்யப் பழக எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், இயங்கலையில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நீடில் ஃபெல்டிங்தான் சுலபம், தையல் வேண்டாம், பேட்டர்ன் (துணி வெட்டும் அளவு வரைபடம்) வேண்டாம், கம்பளியை உருட்டி ஊசியால் குத்தினால் போதும். பாதி உண்மை. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில், கைப்பேசிக் காணொளியை வாத்தியாராக வைத்துக் கற்பவருக்கு மீதிப் பாதியும் தெரிய வேண்டும்.

முதலில் சாமான். துணிப் பொம்மைக்கு ஊரைத் தாண்ட வேண்டியதில்லை. தீபாவளி நேரத்தில் தையல்கார அக்காவிடம் கேட்டால் வெட்டுத்துணி ஒரு பையே கிடைக்கும். பழைய தலையணையைப் பிரித்தால் பஞ்சு. ஃபெல்டிங்குக்கோ ஆட்டுக் கம்பளி வேண்டும். பால்மரமும் செம்பனையும் வளரும் இந்தப் பக்கத்தில் அதற்கு எங்கே போவது? ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மெரினோ என்ற ஆட்டினத்தின் பேரைப் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். அந்தக் கம்பளியின் இழை ரொம்ப மெல்லியது, கெட்டிப்பட நேரமாகும். உடலுக்குக் கொஞ்சம் முரட்டுக் கம்பளி, மேல்பூச்சுக்கு மட்டும் மெரினோ என்பதே சரி.

ஃபெல்டிங்கின் பலம் எங்கே என்றால், தவறு அங்கேயே தெரிந்துவிடும். அந்த ஊசியின் பக்கங்களில் நுண்ணிய வெட்டுகள் உண்டு. உள்ளே இறங்கும்போது மேல் இழைகளை இழுத்துக்கொண்டு போகும். வெளியே வரும்போது விட்டுவிடும். செதில் உள்ள கம்பளி இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகும். சரியாகக் குத்தினால் 'சரக் சரக்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். மூக்கு சப்பையா? ஒரு சிட்டிகை கம்பளியை வைத்துக் குத்தலாம். கன்னம் உப்பிவிட்டதா? அதே இடத்தில் இன்னும் குத்தினால் உள்வாங்கும்.

துணியில் அந்தச் சலுகை இல்லை. நல்ல பக்கங்களை உள்முகமாக வைத்து, ஓரத்திலிருந்து 6 மில்லிமீட்டர் விட்டுத் தைத்து, வளைவுகளில் கத்தரியால் கீறிவிட்டு, திருப்பிப் போட்டுப் பஞ்சு அடைத்த பிறகுதான் முகம் கோணல் என்பதே தெரியும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே துண்டில் தலையைத் தைத்தால், எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் அது அப்பளம் மாதிரித்தான் இருக்கும். மூக்கிலிருந்து பிடரி வரை நடுவில் ஒரு நெற்றிப் பட்டை சேர்த்தால்தான் முகத்துக்கு அகலம் வரும். இதைக் காணொளியில் பார்த்தால் புரியாது, வெட்டிப் பார்த்தால்தான் புரியும்.

நம் காட்டுச் சருகுமானை எடுத்துக்கொள்ளுங்கள், மலாய்க்காரர்கள் காஞ்சில் என்பார்களே, அதுதான். குச்சி குச்சியான கால்கள். அந்த அகலத்தில் துணிக் குழாய் தைத்துத் திருப்புவது பெரிய ரோதனை. சாப்ஸ்டிக் முனைகூட நுழையாது. ஃபெல்டிங்கில் ஒரு கம்பியின் மேல் கம்பளியைச் சுற்றிக் குத்தினால் கால் தயார். யானை என்றால் கதை தலைகீழ். அவ்வளவு பெரிய உடம்பைக் குத்திக் கெட்டியாக்குவதற்குள் தோள்பட்டை போய்விடும்; துணியில் சீக்கிரம் முடியும். ஜெர்மனியில் பொம்மைக் கம்பெனி தொடங்கிய மார்கரெட்டே ஷ்டைஃப் 1880-இல் ஃபெல்ட் துணியில், அதாவது நெய்யாமல் கம்பளியை அழுத்திச் செய்த துணியில், தைத்ததும் யானைதான். குண்டூசி குத்தி வைக்கச் செய்தது, பிள்ளைகள் கையில் விளையாட்டுச் சாமானாகிவிட்டது. ஃபெல்ட் துணியின் ஓரம் பிரியாது. புதிதாகத் தைப்பவர்களுக்கு இன்றும் அதுதான் தோது.

பொம்மை பிள்ளை கைக்குப் போகிறதா, அலமாரிக்குப் போகிறதா? என் கணக்கில் இதுதான் தீர்ப்பு. பிள்ளைக்கு என்றால் தையலைத் தவிர வேறு பேச்சே இல்லை. கம்பளிப் பொம்மை எச்சில் பட்டுக் கசங்கினால் பஞ்சு பஞ்சாக எழும்பும், வாஷிங் மெஷினில் போட்டால் சுருங்கும். உள்ளே உடைந்த ஊசிமுனை தங்கியிருந்தால் வெளியே தெரியவும் தெரியாது. பாலியெஸ்டர் பஞ்சு அடைத்த துணிப் பொம்மையைத் துவைத்து வெயிலில் போடலாம். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பிளாஸ்டிக் கண்ணும் பொத்தானும் வேண்டாம். கண்ணை நூலாலேயே தைத்துவிடுங்கள்.

அலமாரிக்கு என்றால் ஃபெல்டிங் தாராளமாகச் செய்யலாம். நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காமலும் அந்துப்பூச்சி அரிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டையும் பழக நினைப்பவர் முதலில் கம்பளியில் ஒரு தலை மட்டும் செய்து பார்க்கலாம். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று விரலுக்குத் தெரிந்தபின் பேட்டர்ன் வரைந்தால், நெற்றிப் பட்டை எங்கே அகல வேண்டும் என்பது தானே பிடிபடும். ஊசியில் 38-ஆம் எண் பொதுவான வேலைக்கு, அதைவிட மெல்லிய 40 கடைசி மெருகுக்கு. குத்திய கோணத்திலேயே வெளியே இழுங்கள், நடுவில் நெம்பினால் முறியும். எப்படியும் ஒன்றிரண்டு உடையும், அதனால் ஆர்டர் போடும்போதே கூடுதலாகச் சேர்த்துப் போடுங்கள். ஓர் ஊசிக்காகத் தனியாக டெலிவரி காசு கட்டுவது வீண்.