குரல் கொடுக்காத வழிகாட்டிகள்: நுவரெலியாவில் ஒரு பறவை நடை

சென்ற ஜனவரியில் ஒரு சனி மாலையும் அடுத்த ஞாயிறு காலையுமாக, நுவரெலியாவுக்கு அண்மையில் ஒரு சிறிய தொண்டர் குழு நடத்தும் பறவை நிகழ்ச்சிக்கு என் தமையனின் மகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். சனி மாலை தோட்டத்து வாசிகசாலையில் பேச்சு, ஞாயிறு விடியலில் விக்டோரியாப் பூங்காவில் நடை. குழுவினர் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. அப்படியிருக்க, அதைக் குறைநிறை பார்த்து எழுதுவது முறையா என்று சற்றுத் தயங்கினேன். ஆனால் அங்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கிழமை முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு, கிடைக்கும் ஓய்வு நாளைக் கொடுத்து வந்தவர்கள். அந்த நாளை எதற்காகக் கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே அறிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு.

ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு முன்னைய அனுபவம் ஒன்றும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பணம் கொடுத்து ஒரு வழிகாட்டியுடன் ஆறுமணிக் குருவியைப் பார்க்கப் போனேன். அவர் பற்றைக்கருகே நின்று, கைத்தொலைபேசியில் அந்தப் பறவையின் குரலையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். குருவி உடனே வெளியே வந்தது. உள்ளே போய், மறுபடியும் வந்தது. இருபது நிமிடம் இப்படியே நடந்தது. எல்லோருக்கும் நல்ல படங்கள் கிடைத்தன. குளிர்காலத்தைக் கழிக்க இமயத்தின் அடிவாரக் காடுகள் வரையிலிருந்து இங்கு வரும் அந்தப் பறவை, தனக்கென்று ஒரு சிறு நிலத்தைப் பிடித்து அதில் இரைதேடி வாழ்கிறது என்பதும், வேறொரு குருவி தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று எண்ணி அதை விரட்டவே அன்று அத்தனை தடவை ஓடிவந்தது என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரிந்தன. இல்லாத எதிரியைத் தேடி அது இரையை விட்டு அலைந்ததற்கு நானும் பணம் கொடுத்திருந்தேன் என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது.

இந்தத் தொண்டர் குழுவுக்கு இருவர் தலைமை தாங்குகிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. ஊரே அவரை ‘டீச்சர்’ என்றுதான் அழைக்கிறது. மற்றவர் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்பவர். சனி மாலைப் பேச்சு நம் மலைநாட்டுப் பறவைகளைப் பற்றியதாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். டீச்சரோ வட அமெரிக்காவின் ஹூப்பிங் கிரேன் என்னும் பெருங்கொக்கிலிருந்து தொடங்கினார். ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரமுள்ள வெண்ணிறப் பறவை அது. வேட்டையாலும் சதுப்பு நிலங்களின் அழிவாலும் 1941 ஆம் ஆண்டளவில் காட்டில் இருபதுக்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியிருந்தன. பாதுகாப்பு முயற்சியால் எண்ணிக்கை மெல்ல ஏறியது. எனினும் வலசை போகும் கூட்டம் ஒன்றே ஒன்றாக இருந்தபடியால், ஒரு புயலோ ஒரு நோயோ அனைத்தையும் முடித்துவிடக்கூடிய நிலைமை நீடித்தது. ஆகவே கிழக்குப் பகுதியில் இரண்டாவது கூட்டம் ஒன்றை உண்டாக்க முனைந்தார்கள்.

இந்த இடத்தில் டீச்சர் சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் அமெரிக்காவின் வடக்கே உள்ள விஸ்கொன்சினிலிருந்து தெற்கே உள்ள புளோரிடா வரை ஒரு கோடு இழுத்தார். ஏறக்குறைய 1,900 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை நான்கு தடவை போவதைக் காட்டிலும் அதிகம் என்று அவர் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கொக்குக் குஞ்சுக்கு இந்தப் பாதை பிறவியிலேயே தெரிவதில்லை. தாய் தந்தையருடன் ஒரு தடவை பறந்துதான் கற்றுக்கொள்கிறது. வளர்ப்பிடத்தில் பொரித்த குஞ்சுக்கு வழி காட்டத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. கனேடியச் சிற்பி பில் லிஷ்மன் 1993 இல் காட்டு வாத்துகளைத் தம் சிறு இலகுரக விமானத்தின் பின்னே பறக்கவைத்துத் தெற்கே கொண்டுசென்றிருந்தார். அவரும் ஜோ டஃப் என்பவரும் சேர்ந்து தொடங்கிய ‘ஆப்பரேஷன் மைக்ரேஷன்’ என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு, அதே வழியை இந்தக் கொக்குகளுக்கும் கையாண்டது. 2001 ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் எட்டுக் குஞ்சுகளுடன் புறப்பட்டார்கள். காலநிலை இடம்கொடுத்த நாட்களில் மட்டும் பறந்து, 48 நாட்களில் ஏழு குஞ்சுகளுடன் புளோரிடாவை அடைந்தார்கள். அடுத்த வசந்தத்தில் அவற்றில் ஐந்து, எந்த விமானமும் இல்லாமல் தாமாகவே வடக்கே திரும்பின. ஒரு தடவை காட்டியது போதுமாயிருந்தது.

என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது விமானத்தைவிட அந்த வெள்ளை அங்கிதான். குஞ்சுகள் மனிதரைத் தம் இனம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, அவற்றை வளர்த்தவர்கள் உடலின் உருவமே தெரியாதபடி தலை முதல் கால் வரை வெண்துணியால் மூடிக்கொண்டார்கள். கையில் கொக்குத் தலை போன்ற பாவை ஒன்றை வைத்து இரை கொத்தக் கற்பித்தார்கள். அவற்றின் அருகே ஒரு சொல்கூடப் பேசவில்லை. முட்டைக்குள் இருக்கும்போதே விமான இயந்திரத்தின் ஒலியைக் கேட்கவைத்துப் பழக்கினார்கள். தரையில் பறவைகளின் அடைப்புகளைக் கழற்றி அடுத்த தங்குமிடத்துக்கு ஏற்றிச் சென்றவர்களில் பலர் தொண்டர்கள். மாதக்கணக்காகத் தம் உழைப்பைக் கொடுத்தும், தம் முகத்தையும் குரலையும் அந்தப் பறவைகள் ஒருபோதும் அறியாமலே போகவேண்டும் என்பதே அவர்கள் ஏற்றுக்கொண்ட நியதி. “பிள்ளை வளர்க்கிறவங்களுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம்னு தெரியும்” என்று என் பக்கத்தில் இருந்த தாயொருவர் மெல்லச் சொன்னார்.

பேச்சாளர் இங்கே நிறுத்தியிருந்தால் எல்லோரும் மகிழ்ச்சியோடு கைதட்டியிருப்பார்கள். அவர் நிறுத்தவில்லை என்பதே இந்த நிகழ்ச்சியின் மீது எனக்கு மதிப்பை உண்டாக்கியது. 2007 பெப்ரவரியில் புளோரிடாவில் வீசிய புயலில், அந்த ஆண்டு கொண்டுசெல்லப்பட்ட 18 இளம் பறவைகளில் 17 அடைப்புக்குள்ளேயே இறந்துபோனதையும், விஸ்கொன்சினில் இரத்தம் குடிக்கும் கரிய ஈக்களின் தொல்லையால் வளர்ந்த கொக்குகள் அடைகாப்பதைக் கைவிட்டுக் கூட்டை விட்டெழுந்ததையும், வலசை போகக் கற்றுக்கொண்ட அப்பறவைகளால் தம் குஞ்சுகளைப் பறக்கும் பருவம்வரை வளர்த்தெடுப்பது அரிதாகவே முடிந்ததையும் அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அங்கியணிந்து வளர்த்த முறையே அளவுக்கு மீறிச் செயற்கையானதோ என்ற கேள்வி எழுந்ததால், 2016 தொடக்கத்தில் அமெரிக்க அரசு விமான வழிநடத்தலை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. 2018 இல் அந்த அமைப்பும் கலைக்கப்பட்டது. என்றாலும் அந்தப் பறவைகளின் பயணங்களைக் கொண்டு 2013 இல் வெளியான ஆய்வொன்று, வயதில் மூத்த பறவையொன்று கூட இருந்தால் கூட்டம் நேர்வழியிலிருந்து குறைவாகவே விலகுகிறது என்று காட்டியது. கொக்குகளிடையேயும் பாதை மூத்ததிடமிருந்து இளையதுக்குச் சென்றுகொண்டிருக்கிறது என்பதற்கு அது சான்று.

பேச்சு முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் எழுந்தார். “நம்ம ஆறுமணிக் குருவிக்கு யாரு வழி காட்டுறது டீச்சர்? அந்தக் காலத்துல பெரட்டுத் தப்பு அடிக்கிற நேரத்துக்கே அதுவும் கூவ ஆரம்பிச்சிரும்” என்று கேட்டார். பெரட்டுத் தப்பு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வேலைக்கு அழைக்க அடிக்கும் பறை. சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறக்கின்றன என்றும், அந்த ஆண்டு பிறந்த குஞ்சும் பெற்றோரின் துணையில்லாமல் பிறவியறிவைக் கொண்டே திசையறிந்து வருகிறது என்றும் டீச்சர் விளக்கினார். வழி அதனிடம் இருக்கிறது, வந்து இறங்கும் இடத்தைத்தான் நாம் காக்கவேண்டும் என்பதே அவர்களுடைய வேலையின் அடிப்படை. ஓடைக்கரைகளில் பற்றைகளை வெட்டாமல் விடும்படி தோட்டத்து மக்களிடம் பேசுவதும், அங்கு நடுவதற்கு நாட்டு மரக்கன்றுகளை வளர்ப்பதும் அவர்கள் செய்துவரும் காரியங்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பனிமூட்டத்தில் பூங்கா வாசலில் கூடினோம். 1897 இல் விக்டோரியா மகாராணியின் ஆட்சி வைரவிழாவின் நினைவாகப் பெயர் பெற்ற இந்தப் பூங்கா, பூக்களைப் பார்க்க வருவோருக்குச் சுற்றுலாத் தலம். பறவை பார்ப்போருக்கோ காஷ்மீர் ஈப்பிடிப்பானைக் காண உலகிலேயே வாய்ப்பு மிகுந்த இடங்களில் ஒன்று. காஷ்மீரையும் அதனைச் சூழ்ந்த வடமேற்கு இமயத்தையும் தவிர வேறெங்கும் அது கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தை இலங்கையின் மலைநாட்டிலும் தென்னிந்திய மலைகளிலும் கழிக்கிறது. கூடு கட்டும் இடங்களில் காடுகள் அழிவதால் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

உத்தியோகத்தர் முன்னே நடந்தார். கையில் தொலைபேசி இல்லை, குரலை ஒலிக்கவிடவும் இல்லை, பற்றையை அசைக்கவும் இல்லை. ஓர் இடத்தில் எங்களை நிற்கவைத்துவிட்டு நாற்பது நிமிடம் பேசாமல் நின்றார். முதல் பதினைந்து நிமிடம் எனக்குப் பொறுமை போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின் ஓடையின் ஓசைக்குள்ளிருந்து வேறு ஓசைகள் பிரிந்து கேட்கத் தொடங்கின. ஒரு வாலாட்டிக் குருவி கல்லுக்குக் கல் தாவிப் போயிற்று. கிளைகளுக்கிடையே வெள்ளைக்கண்ணிகளின் கூட்டம் ஒன்று கடந்தது. கடைசியில், தாழ்ந்த கிளையொன்றில், கையளவு குருவி ஒன்று வந்தமர்ந்து வாலைச் சட்டென்று உயர்த்தியது. தொண்டையும் மார்பும் செம்மஞ்சளாகச் சிவந்திருக்க, அந்தச் சிவப்பின் ஓரமாகக் கரிய கோடு ஓடியது. ஆண் காஷ்மீர் ஈப்பிடிப்பான். தானாக வந்தது, பூச்சியொன்றைப் பிடித்தது, தன் போக்கில் போயிற்று. தமையன் மகள் என் கையை இறுகப் பிடித்திருந்தாள். “அத்தை, அதுக்கு நாங்க நிக்கிறதே தெரியாதுல்ல?” என்று பின்னர் கேட்டாள்.

குறைகளையும் சொல்லவேண்டும். சனிக்கிழமைப் பேச்சு ஒரு மணி நேரம் பிந்தித் தொடங்கியதால், தூரத்து லயன் குடியிருப்புகளுக்கு நடந்து திரும்பவேண்டியவர்கள் கேள்வி நேரத்துக்கு முன்பே எழுந்துபோனார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று தொலைநோக்கிகளே இருந்தன. உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு அவை கடைசியாகவே வந்து சேர்ந்தன. எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது பறவைப் பெயர்ப் பட்டியல். வந்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்களாக இருந்தும், கொடுக்கப்பட்ட தாளில் ஆங்கிலமும் சிங்களமும் மட்டுமே இருந்தன. ஆறுமணிக் குருவி என்ற பெயரை அந்த அம்மா சொன்னபோது பக்கத்திலிருந்த பிள்ளைகள் சிலர் அதை முதன்முறையாகக் கேட்டார்கள். தோட்டத்து முதியவர்களிடம் கேட்டு அந்தப் பெயர்களை எழுதிச் சேர்க்கும்படி டீச்சரிடம் சொன்னேன். அவர் அங்கேயே குறிப்பேட்டை எடுத்து, முதலில் அந்த அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டார்.

ஒக்டோபர் தொடக்கம் மார்ச் வரை மாதம் ஒரு தடவை நடை உண்டு. பேருந்துச் செலவும் பூங்கா நுழைவுச்சீட்டும் நம் பொறுப்பு. சூடான பிளேன்டீயும் ரொட்டியும் சம்பலும் அவர்கள் தருகிறார்கள். கம்பளிச் சட்டை கட்டாயம் தேவை. கடும் சிவப்பு, வெள்ளை உடைகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நடக்கச் சிரமப்படுவோருக்கும் பூங்காப் பாதைகள் பெரும்பாலும் ஏற்றவை. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அந்த நாற்பது நிமிட மௌனம் கடினமாக இருக்கலாம். மார்ச் மாத நடைக்கு எங்கள் இருவரின் பெயரையும் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஈப்பிடிப்பான்கள் வடக்கே புறப்பட்டுவிடும்.